மூன்று பிளேடுகளின் கனம்

ஹெரால்டு காரின் முன்முகத்தை ஒரு முறையேனும் திறந்து பார்த்தவர்களுக்கு, அந்த வண்டியை உருவாக்கியவர்கள் மெக்கானிக்குகளின் முதுகெலும்பின்மீது கருணை கொண்டவர்கள் என்பது சொல்லாமலே விளங்கிவிடும். ஏனைய கார்களில் பானெட் என்பது பெட்டியின் மூடியைப் போல மேலே எழுந்து நிற்க, வேலை செய்பவர் அந்தப் பெட்டிக்குள் கவிழ்ந்து கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கும். ஹெரால்டிலோ, இரண்டு மட்கார்டுகளும் விளக்குகளும் ஒன்றாய்ச் சேர்ந்த முன்பாகம் முழுவதுமே கீல்களின்மேல் முன்னோக்கிச் சாய்ந்து விலகிக்கொடுக்க, எஞ்சினும் சக்கரங்களும் ஸ்டியரிங் கம்பிகளும் கூடத்தில் பரப்பி வைத்த சீர்வரிசையைப் போலக் கண்ணுக்கு முன் வந்து நிற்கும். முன் டயரின்மீதே உட்கார்ந்து, மடியில் ஸ்பேனர்களை வைத்துக்கொண்டு, எஞ்சினோடு முகத்துக்கு முகம் பார்த்து வேலை செய்யலாம். 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு மாத காலம், ஞாயிற்றுக்கிழமைகளையும் கல்லூரி விடுமுறை நாட்களையும் நான் அப்படி ஒரு டயரின்மீது உட்கார்ந்தே கழித்தேன். எதிர் டயரின்மீது உட்கார்ந்திருந்தவர் புதுப்பேட்டை பாய்.

வண்டி 1964ஆம் வருஷத்தது. இங்கிலாந்தில் 1959இல் ட்ரயம்ஃப் ஹெரால்டு என்னும் பெயரோடு, இத்தாலிய வடிவமைப்பாளர் மிகெலோட்டியின் கைவண்ணத்தில் பிறந்து, 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று சென்னையிலேயே தயாராகத் தொடங்கிய அந்தக் காரில், 948 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று, ஒற்றை ஸோலெக்ஸ் கார்புரேட்டரின் வழியாக மூச்சு விட்டு, ஏறத்தாழ 35 குதிரைத் திறனை அமைதியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. திருவல்லிக்கேணியிலிருந்து கல்லூரிக்குப் போய்ப் பௌதிக வகுப்பு நடத்திவிட்டுத் திரும்பும் ஒருவனுக்கு அது தாராளமாகப் போதும். ஆயினும், சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் அந்நாட்களில் ஆண்டுதோறும் நடந்த மோட்டார் பந்தயத்தை வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்தவர்களுக்குத் தம் வண்டி மட்டும் ஏன் அந்தச் சப்தத்தோடு எழும்பவில்லை என்ற ஏக்கம் பற்றிக்கொள்வது இயல்பே. அதே 948 சி.சி. எஞ்சினில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர்களைப் பொருத்தித்தான் இங்கிலாந்தில் ஹெரால்டு கூப்பே விற்கப்பட்டது என்பதை ஒரு பழைய பத்திரிகையில் வாசித்த நாள் முதல், அந்த ஏக்கம் எனக்குத் தீர்மானமாகவே மாறிவிட்டது.

கார்புரேட்டர்கள் எதிர்பாராத விதமாகக் கிடைத்தன. இங்கிலாந்திலிருந்து வந்து, விபத்துக்குள்ளாகி, உறுப்பு உறுப்பாகக் கழற்றி விற்கப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இரட்டை எச்.எஸ்.2 கார்புரேட்டர்கள், ஒன்றேகால் அங்குல வாய் உள்ளவை, தம் இணைப்புத் தண்டுகளோடு புதுப்பேட்டைக் கடையொன்றில் கோணிப்பைக்குள் கிடந்தன. அவற்றைத் தாங்கும் அலுமினிய மானிஃபோல்டைப் பந்தயப் பித்துள்ள நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கோணிப்பையோடு சேர்த்துக் கடைக்காரர் எனக்குக் கொடுத்த ஒரு யோசனைதான், பின்னால் எண்ணிப் பார்க்கையில், அன்றைய வியாபாரத்தில் நான் பெற்ற பெரிய லாபம். கூவம் கரைப் பக்கமாக இரண்டு சந்துகள் தள்ளி ஒரு பாய் இருக்கிறார், அவரிடம் காட்டாமல் இவற்றை மாட்டிவிடாதீர்கள் என்றார் அவர்.

எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். காலணி வியாபாரத்தில் பெயர் பெற்ற ஆங்கிலேயக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் 1910இல் நிறுவிய கம்பெனி அது. அவர்களுடைய ஆதி கார்புரேட்டர்களில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி ஒன்றே இயங்கியது. துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்த பிறகும் தத்துவம் மாறவில்லை. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்கு, மணி போன்ற கூட்டுக்குள் இருக்கும் பிஸ்டன் தானாகவே மேலெழுந்து வாயை அகலமாக்கிக் கொடுக்கிறது. அந்தப் பிஸ்டனோடு சேர்ந்து, நுனி நோக்கிச் சிறுத்துச் செல்லும் ஊசி ஒன்றும் ஜெட்டிலிருந்து எழும்ப, ஊசிக்கும் துவாரத்துக்கும் இடைப்பட்ட வளையம் அகன்று, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் தானே வந்து சேர்கிறது. மெதுவாகப் போவதற்கு ஒரு ஜெட், வேகத்துக்கு வேறொரு ஜெட் என்ற பாகுபாடு இல்லை. இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு புத்திசாலித்தனமாகவும் அமைந்த யந்திர உறுப்புகளை நான் அதிகம் கண்டதில்லை. இன்று நினைத்தாலும் அதன்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை.

பாய்க்கு அப்போது அறுபது வயதை ஒட்டியிருக்கும். ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறுவயதிலேயே பட்டணத்துக்கு வந்து, யுத்த காலத்தில் ராணுவ லாரிகளில் வேலை பழகியவர். கோணிப்பையை விரித்துப் பார்த்தவர், முதலில் என் முகத்தைப் பார்த்தார்.

"பெட்ரோல் விக்கிற விலையில ஒரு வாய்க்குத் தீனி போடவே ஜனங்க யோசிக்கிறாங்க. நீங்க ரெண்டு வாய் வெக்கணும்னு வந்திருக்கீங்க, தம்பி."

1973இன் கடைசியில் பெட்ரோல் விலை ஏறியிருந்த சமயம் அது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சொல்லிக்கொண்டே அவருடைய விரல்கள் த்ராட்டில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன. பட்டர்ஃபிளை என்று பட்டறைகளில் வழங்கும் வட்டத் தகட்டைத் தாங்கிச் சுழலும் அந்த மெல்லிய தண்டு, வருஷக்கணக்கான உழைப்பில் தன் துவாரத்தை முட்டை வடிவமாகத் தேய்த்துவிட்டிருந்தது. "ப்ளே இருக்கு. இதை இப்படியே மாட்டினா, கதவைச் சாத்தினாலும் சுவத்து ஓட்டை வழியா காத்து உள்ள போகும். அப்புறம் நீங்க ஆயுசு பூரா ஸ்க்ரூவைத் திருகிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றார்.

ஆகவே முதல் இரண்டு ஞாயிறுகள் லேத் பட்டறையிலேயே கழிந்தன. நான்கு துவாரங்களையும் பெரிதாக்கி, வெண்கல புஷ் இறக்கி, புதிய ஸ்பிண்டில்களுக்கு ரீமர் போட்டு, விரலால் சுண்டினால் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும்படி செய்தார்கள். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவும் வேலை எனக்கு. அதிலும் பாய் ஒரு நிபந்தனை விதித்தார். மணிக் கூடும் அதனுள் இயங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்து சேர்த்த ஜோடிகள்; ஒன்றின் பிஸ்டன் மற்றொன்றின் கூட்டுக்குள் போய்விட்டால் இரண்டும் கெட்டன. அதனால் ஒரு ஜோடிக்கு ஒரு கீறல், மற்றதற்கு இரண்டு கீறல் என்று அரத்தால் அடையாளம் போட்ட பிறகே என்னை மண்ணெண்ணெய்ச் சட்டியின் அருகே விட்டார்.

அதற்குப் பிறகுதான் லிங்கேஜ் என்னும் விஷயம் வந்தது. காரில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறோம், வண்டி விரைகிறது. இடையில் என்ன நடக்கிறது என்பதைப் பெரும்பாலோர் நினைப்பதில்லை, நினைக்க வேண்டிய அவசியமும் இல்லை. மிதியின் அசைவு ஒரு தண்டாகி, லீவராகி, ராடாகி, பந்து மூட்டுகளின் வழியே திசை மாறி, இறுதியில் ஏறத்தாழ 80 டிகிரி சுழலும் ஒரு சிறு தகட்டின் சுழற்சியாக முடிகிறது. கார்புரேட்டர் ஒன்றாக இருந்தால் இதில் பிழை வந்தாலும் மறைந்துவிடும். இரண்டாக இருக்கும்போது, அவை இரண்டும் ஒரே கணத்தில் திறந்து, ஒரே அளவு திறந்து, ஒரே கணத்தில் மூடியாக வேண்டும். இல்லையெனில் முதல் இரண்டு சிலிண்டர்கள் இழுக்க, பின் இரண்டும் இழுபட, எஞ்சின் தன்னோடு தானே மல்லுக்கு நிற்கும்.

இந்த வேலையைப் பாயிடம் விடாமல் நானே செய்வதென்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நெம்புகோல்களைப் பற்றி வகுப்பில் வருஷந்தோறும் பாடம் நடத்துகிறவன் அல்லவா? இரண்டு கார்புரேட்டர்களுக்கும் நடுவே ஓடும் இணைப்புத் தண்டில் இரண்டு சிறு லீவர்கள். ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் ஊசி. அந்த ஊசி ஒவ்வொரு ஸ்பிண்டிலின் முனையிலும் உள்ள கவைக்குள் நுழைந்து அதைச் சுழற்றும். கவையின் அகலம் ஊசியின் கனத்தைவிடச் சற்று அதிகமாக இருந்தது எனக்குப் பிழையாகப் பட்டது. ஆட்டம் என்பது தேய்மானத்தின் அடையாளம், தேய்மானம் என்பது நஷ்டம் என்று நான் நினைத்திருந்தேன். எனவே ஒரு மாலை முழுவதும் பிரயத்தனப்பட்டு, பித்தளைத் தகட்டை மடித்துக் கவைகளுக்குள் செருகி, இரண்டு ஊசிகளும் இம்மியும் அசையாதபடி இறுக்கிப் பொருத்தினேன். மிதியின் பக்கமும் அப்படியே, ஊசலாட்டம் சிறிதும் இல்லாத புது ராடும் புது மூட்டுகளும். தண்டைத் தொட்டால் இரண்டு தகடுகளும் ஒருசேரப் புரண்டன. பார்ப்பதற்கு அது மிகவும் அழகாக இருந்தது.

எஞ்சினைக் கிளப்பியதும் அது உரத்த குரலில் ஓடத் தொடங்கி, அந்தக் குரலிலேயே நின்றுகொண்டது. ஸ்லோ ஸ்க்ரூக்கள் இரண்டையும் முழுவதும் வெளியே திருகிய பிறகும் வேகம் இறங்கவில்லை. பாய் தம் ரப்பர் குழாயை எடுத்தார். குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒரு கார்புரேட்டரின் வாயருகிலும் பிறகு மற்றதன் வாயருகிலும் பிடித்து, காற்று உள்ளே போகும் சீறலை ஒப்பிட்டுக் கேட்பது அவர் வழக்கம். முன்னதில் சீறலே இல்லை. பின்னதில் பாம்பு சீறுவதைப் போலக் கேட்டது. என்னையும் கேட்கச் சொன்னார். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு டயரின்மீது சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"முன்னது மூடிட்டது தம்பி. பின்னது மூட இன்னும் மயிரிழை பாக்கி. ஆனா முன்னது போய்த் தன் நிறுத்தத்துல முட்டிக்கிட்டதால, பின்னதை வரவுடாம புடிச்சிக்கிட்டு நிக்குது. எங்க ஊர்ல ஏர் பூட்டறப்ப, மாட்டுக் கழுத்தை நுகத்தடியோட சேத்து இறுக்கிக் கட்டமாட்டாங்க. பூட்டாங்கயித்துல ரெண்டு விரல் நுழையணும். அந்த இடம் இருந்தாத்தான் ரெண்டு மாடும் தன் தன் கால்ல நின்னு இழுக்கும். கட்டி இறுக்கினா ஒண்ணு காலை ஒண்ணு இடறும்."

அதைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு விஷயம் பிரத்தியட்சமாயிற்று. ஒவ்வொரு தகடும் ஓய்வு கொள்ளும்போது தன்னுடைய ஸ்க்ரூவின்மீதே நிற்க வேண்டும். இணைப்புத் தண்டின்மீது நிற்கக் கூடாது. அதற்குத் தண்டு இரண்டையும் கைவிட்டு விலகியிருக்க வேண்டும். விலகியிருக்கும் அந்த இடைவெளியும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்தப் பக்கத்துத் தகடு மற்றதற்கு முன்னால் திறந்துவிடும். நான் பித்தளை வைத்து அடைத்த அந்த ஆட்டம், தொழிற்சாலையில் வேண்டுமென்றே அளந்து விட்டிருந்த ஆட்டம்.

பித்தளையைப் பிடுங்கி எறிந்தோம். பாய் பக்கத்து சலூனுக்குப் பையனை அனுப்பி மூன்று பழைய சவர பிளேடுகளை வாங்கி வரச் செய்து, அவற்றின் விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கினார். முதலில் எல்லாக் கிளாம்புகளையும் தளர்த்தி இரண்டு கார்புரேட்டர்களையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதபடி விடுவித்தார். ஜெட்டின் அடியிலுள்ள நட்டுகளை முற்றிலும் மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்கினார். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டார். குளிர்ந்த எஞ்சினில் செய்யும் செட்டிங் குளிர்ந்த எஞ்சினுக்கு மட்டுமே பொருந்தும் என்பது அவர் அபிப்பிராயம். பிறகு ரப்பர் குழாயால் கேட்டுக் கேட்டு, ஸ்க்ரூவைக் கால் சுற்றாகவும் அரைக்கால் சுற்றாகவும் திருகி, இரண்டு சீறலையும் ஒரே குரலுக்குக் கொண்டுவந்தார். அதன் பின் கலவை. கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு ஊசியால் பிஸ்டனை நூலளவு தூக்கிப் பார்க்க வேண்டும்; வேகம் ஏறி அங்கேயே நின்றால் பெட்ரோல் அதிகம், இறங்கி அணையப் பார்த்தால் குறைவு, சற்றே ஏறித் திரும்பத் தன் நிலைக்கு வந்துவிட்டால் சரி. ஆறு பட்டையுள்ள அந்த நட்டை ஒரு பட்டை ஏற்றுவதா, இரண்டு பட்டை இறக்குவதா என்பதை அவர் காதே தீர்மானித்தது.

இவ்வளவும் முடிந்த பிறகே இணைப்புத் தண்டிடம் வந்தார். தண்டின் நிறுத்தத்துக்கு அடியில் மூன்று பிளேடுகளையும் ஒன்றாக அடுக்கிச் செருகி, இரண்டு லீவர்களின் ஊசிகளும் தத்தம் கவையின் கீழ்க்காதில் பூ விழுந்தாற்போல ஊன்றும்படி விரலால் அழுத்திப் பிடித்து, கிளாம்புகளை இறுக்கி, பிளேடுகளை உருவிவிட்டார். தண்டு ஒரு மயிரிழை தணிந்தது. ஊசிகள் இரண்டும் கவைக்குள் அந்தரத்தில் நின்றன.

அன்றிரவு வீட்டுக்குப் போய், என்னிடமிருந்த மைக்ரோமீட்டரில் அந்தப் பிளேடு ஒன்றை அளந்தேன். அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு, பட்டறை வழக்கில் 4 தவு. மூன்று சேர்ந்தால் 12 தவு. பல மாதங்கள் கழித்து, பிரிட்டிஷ் காரொன்றின் ஒர்க்ஷாப் கையேட்டில், இதே வகை இணைப்புக்கு ஃபீலர் கேஜால் விட வேண்டிய இடைவெளி 0.012 அங்குலம் என்று அச்சாகியிருந்ததைக் கண்டபோது, நூலை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையேட்டைப் பாய் பார்த்ததில்லை. ஆங்கிலம் அவருக்கு வாசிக்கத் தெரியாது.

எஞ்சின் இப்போது தணிந்து சீராக ஓடிற்று. ஆனால் வண்டியைத் தெருவில் எடுத்த உடனே இன்னொரு சங்கடம். முதல் கியரில் கிளட்சை விட்டதும் வண்டி குதித்துக் குதித்துப் போயிற்று. ரப்பர் மவுண்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சின், பாரத்தை ஏற்கும் கணத்தில் ஒரு பக்கமாகச் சாயும். பழைய ராடுகளில் இருந்த தளர்ச்சி அந்தச் சாய்வை விழுங்கிக்கொண்டிருந்தது. நான் ஆட்டமின்றிச் செய்து போட்ட புது ராடோ, பாடியில் நிற்கும் மிதிக்கும் எஞ்சினோடு சாயும் கார்புரேட்டருக்கும் இடையில் விறைத்து நின்றபடி, எஞ்சின் சாயும்போதெல்லாம் தகடுகளைத் தானாகவே திறந்தும் மூடியும் ஆட்டிவைத்தது. அதைப் பெரிதாக எண்ணாமல், வேகம் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நான் வண்டியை வடக்கே திருப்பினேன். அது என் தவறு.

செங்குன்றம் தாண்டி, சோழவரத்துக்குப் போகும் கல்கத்தா நெடுஞ்சாலையில், காலை வேளையில் போக்குவரத்து அதிகமில்லை. மூன்றாவது கியரில், முதல் முறையாக, மிதியைத் தரை வரை அழுத்தினேன். அந்தச் சிறிய எஞ்சினிடமிருந்து நான் அதுவரை கேட்டறியாத ஒரு முழக்கம் எழுந்தது. வண்டி தூக்கியெறிந்தாற்போல முன்னே பாய்ந்தது. வெகு தொலைவில் ஒரு மாட்டு வண்டி தென்படவே, காலை எடுத்தேன். முழக்கம் குறையவில்லை. காலை முழுவதும் விலக்கிவிட்டு மிதியைப் பார்த்தேன். அது கீழேயே கிடந்தது. அந்தச் சில விநாடிகளில் எனக்குத் தோன்றியதையெல்லாம் எழுத இங்கே இடமில்லை. கை தானாகச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தது. பிரேக்கை அழுத்தி, புளிய மரத்து நிழலில் ஓரமாக வந்து நின்றேன். மாட்டு வண்டிக்காரர் கடந்து போகையில், என்ன சாமி, எஞ்சின் சூடாயிடுச்சா என்று பரிவோடு விசாரித்துவிட்டுப் போனார். அவருடைய வண்டிக்குப் பின்னால் ஒரு சிறுமி வைக்கோலின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

முன்முகத்தைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. மிதியின் தொடக்கத்தில் தகடுகள் மெதுவாகத் திறந்தால் ஊர்த் தெருக்களில் ஓட்டச் சுகமாயிருக்கும் என்ற எண்ணத்தால், தகடுகள் மூடியிருக்கும் நிலையிலேயே லீவர் ராடுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கும்படி நான் அமைத்திருந்தேன். கணக்குப்படி அது சரிதான். ஆனால் தகடு 80 டிகிரி சுழன்று முழுவதும் திறக்கும்போது அந்த லீவரும் ராடும் ஒரே நேர்கோட்டை எட்டிவிடும் என்பதையும், காலின் பலத்தில் மூட்டுகள் நெளிந்து கொடுத்தால் அந்தக் கோட்டைக் கடந்துவிடும் என்பதையும் நான் யோசிக்கவில்லை. கோட்டைக் கடந்த பிறகு, மிதியைத் திருப்பியிழுக்க நான் போட்டிருந்த பலமான ஸ்பிரிங், தகடுகளை மூடுவதற்குப் பதிலாக இன்னும் திறந்த பக்கமே தள்ளிப் பிடித்துக்கொண்டது. ஸ்பிண்டில்களில் இருந்த பழைய ஸ்பிரிங்குகளோ அதை எதிர்க்கும் வலுவற்றவை. லீவரை விரலால் கோட்டின் இப்பக்கத்துக்குத் தள்ளினேன்; சட்டென்று மூடிக்கொண்டது. பட்டணம் வரை மிதியைப் பாதிக்கு மேல் அழுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

பாய் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு தச்சருடைய மூலைமட்டத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"மூடியிருக்கறப்பவும் பாக்காதீங்க, தெறந்திருக்கறப்பவும் பாக்காதீங்க. பாதி மிதியில வெச்சுப் பாருங்க. அப்ப ராடும் லீவரும் இந்த மூலைமட்டம் மாதிரி நிக்கணும். அப்படி நின்னா, ரெண்டு கோடியிலயும் உயிர் இருக்கும்."

அந்த ஒரு விதியில் என் கணக்கு முழுவதும் அடங்கியிருந்தது. பாதியில் செங்குத்தாக நின்றால், மூடிய நிலையில் ஒரு பக்கம் 40 டிகிரி, திறந்த நிலையில் மறுபக்கம் 40 டிகிரி. நேர்கோடு எந்தக் கோடியிலும் கிட்டே வராது.

ராடு அத்துடன் போயிற்று. அதற்குப் பதிலாகக் கேபிள் போடுவதென்று முடிவாயிற்று. அப்போது வடசென்னையில் திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டின் கிளட்ச் கேபிள்தான் பட்டணத்தில் எங்கும் கிடைத்த நல்ல கேபிள். அதன் வெளியுறையின் முனையைப் பாடியில் கட்டாமல், மானிஃபோல்டிலிருந்தே ஒரு தகட்டை நீட்டி அதில் கட்டினார் பாய். உறையும் கார்புரேட்டரும் எஞ்சினோடு சேர்ந்தே சாயும். ஆகவே எஞ்சின் எவ்வளவு ஆடினாலும் உள்கம்பியின் இழுப்பு மாறாது. குதித்துக் குதித்துப் போன நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. நீளத்துக்கு வெட்டிய கம்பியின் முனையில் நிப்பிள் வைப்பதை மட்டும் அவர் வேறு யாரிடமும் விடமாட்டார். இழைகளை நிப்பிளுக்குள் நுழைத்து, வெளிவந்த நுனியைப் பூவிதழ்களைப் போல விரித்து, விரிந்த பாகம் நிப்பிளின் குழிக்குள் அமரும்படி இழுத்து, ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுவார். ஈயத்தின் பிடிப்பை மட்டும் நம்பியிருக்கும் நிப்பிள் ஒரு நாள் கழன்றுவிடும். இழைகள் விரிந்த நிப்பிள் கழலாது.

ஸ்பிரிங்குகளின் இடமும் மாறியது. மிதியிலிருந்த பெரிய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் புதிதாக ஒவ்வொன்று போட்டார். இடையில் கேபிள் அறுந்தாலும், மூட்டு கழன்றாலும், எது விழுந்தாலும், தகடு தன் ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்பிரிங் ஒடிந்தாலும் மற்றது இருக்க வேண்டும். மிதிக்கு அடியில், தரைத் தகட்டைத் துளைத்து, தலை பெரிய போல்ட் ஒன்றை லாக் நட்டோடு நிறுத்தினார். தகடுகள் முழுவதும் திறந்த கணத்தில் மிதி அந்த போல்ட்டில் போய் அமர்ந்துவிடும். அதற்குமேல் எவ்வளவு அழுத்தினாலும் பாரம் தரைக்குப் போகுமேயன்றி ஸ்பிண்டிலுக்குப் போகாது.

கடைசிச் சோதனைக்குப் பாய் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் அணைந்திருந்தது. ஏர் கிளீனர்களைக் கழற்றி, பிஸ்டன்களை இரு விரல்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் கார்புரேட்டர்களின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் மிதிக்க மிதிக்க, உள்ளே இரண்டு வட்டத் தகடுகளும் நிமிர்ந்த நிலையிலிருந்து மெல்லச் சாய்ந்து, சாய்ந்து, இறுதியில் விளிம்பு மட்டுமே ஒரு கோடாகத் தெரியும்படி படுத்துக்கொண்டன.

"ரெண்டும் படுத்திருக்கா?"

"படுத்திருக்கு, பாய்."

"ஒண்ணுபோலவா?"

மறுபடி பார்த்தேன். "ஒண்ணுபோல."

காலை எடுத்தார். இரண்டு தகடுகளும் தத்தம் ஸ்க்ரூவில் மோதிய சப்தம் ஒரே சப்தமாகக் கேட்டது.

அடுத்த ஞாயிறு காலை பாயையும் அழைத்துக்கொண்டு அதே சாலையில் போனேன். செங்குன்றம் ஏரிக் கரையில் அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் இடது ஆசனத்தில், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, கண்களை மூடியபடி உட்கார்ந்திருந்தார். உறங்குகிறாரோ என்று நினைத்தேன். சாலை நீளமாக விரிந்த இடத்தில், மூன்றாவது கியரில் மிதியை அந்த போல்ட் வரை அழுத்தினேன். முழக்கம் எழுந்தது. மனத்துக்குள் ஐந்து எண்ணி, காலை எடுத்தேன். முழக்கம் அந்தக் கணமே தணிந்து, காற்றின் ஓசையும் டயர்களின் ஓசையும் மட்டும் மிஞ்சின. மேலும் இரண்டு முறை அப்படியே செய்தேன். புளிய மரத்தடியில் நிறுத்தி, கியரை விலக்கியபோது, எஞ்சின் ஓடுகிறதா என்று பார்க்க நான் ஸ்டியரிங்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

பாய் கண்ணைத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்திருந்த மூன்று பிளேடுகளை எடுத்து, என் பக்கமாக நீட்டினார்.

"வெச்சுக்குங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கணும்" என்றார். "வண்டியைத் திருப்புங்க தம்பி, பட்டறையில ஆள் காத்திருக்கும்."